ஊர்வலம் போகட்டும், உயிர் போக வேண்டாம்!

மாநாடு என்றால் மோட்டார் சைக்கிள் பேரணி. தலைவர் வருகிறார் என்றாலும் மோட்டார் சைக்கிள் பேரணி. எல்லாக் கட்சிகளிலும் இன்று இது வழக்கமாகிவிட்டது. 200 வண்டிகள் கொடி கட்டி வரிசையாக வருவது கண்ணுக்கு அழகுதான். வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வரிசையாக வருகின்றனவா என்றுதான் கேட்கிறோம்.

நாம் காண்பது என்ன? ஒரு வண்டியில் மூவர். தலையிலே துண்டு; தலைக்கவசமோ வீட்டிலே. பின்னால் அமர்ந்தவர் கையில் நீண்ட கொடிக்கம்பு. அது பக்கத்து வண்டிக்காரர் முகத்துக்கு நேரே ஆடுகிறது. தலைவரின் காரையொட்டிச் செல்ல ஒருவரையொருவர் முந்துகிறார்கள்.

இதுவா வீரம்? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். ஒருவருக்கு மேல் பின்னால் ஏற்றக்கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இது. கொடி கட்டிய வண்டிக்கு அதில் விலக்கு இல்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். முன்னவர் பிரேக் போட்டதைக் கண்டு நம் கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். இரண்டு முழ இடைவெளியில் போகிறவர் என்ன செய்வார்? முன்வண்டியில் மோதுவார், அவர்மேல் பின்வண்டி மோதும்.

வழி என்ன? ஆறேழு வண்டிகளாகப் பிரியுங்கள். அனுபவசாலி ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். புதிதாக ஓட்டுபவர் முன்னவருக்கு அடுத்து வரட்டும். அவர் வேகமே எல்லோர்க்கும் வேகம். ஒருவர் நம் பாதையின் வலப்புறம், அடுத்தவர் இடப்புறம் என மாறி மாறிச் செல்லுங்கள். நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு விநாடி தூரம் விடுங்கள். வளைவிலும் குறுகிய சாலையிலும் ஒற்றை வரிசை. ஆம்புலன்ஸ் வந்தால் அத்தனை பேரும் ஒதுங்குங்கள். மது அருந்தியவர் கையில் சாவி இருக்கக்கூடாது.

இடைவெளி விட்டால் கூட்டம் குறைவாகத் தெரியுமே என்பார்கள் சிலர். தவறு! விநாடிக்கு ஒரு வண்டி கடந்தாலே 200 வண்டிகள் போக மூன்று நிமிடத்துக்கு மேலாகும். நெருக்கியடித்துப் போனால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எது நீண்ட ஊர்வலம்?

நம் தோழர் யார்? தறி ஓட்டுபவர், மூட்டை சுமப்பவர், பட்டறையில் உழைப்பவர். வண்டியே தவணையில் வாங்கியது. அவர் விழுந்தால் மாலை வைப்போம். இரங்கல் தீர்மானம் போடுவோம். தவணையை யார் கட்டுவது? அவர் பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பு?

எத்தனை வண்டிகள் வந்தன என்று மேடையிலே பெருமையோடு அறிவிக்கிறோம். கிளைச் செயலாளர்களே, அன்றிரவே இன்னொரு கணக்கும் எடுங்கள்: எத்தனை பேர் புறப்பட்டார்கள், எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள்? இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பேரணி வெற்றி!