இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? அபராதம் அரசுக்கு, செலவு உங்களுக்கு!

சிக்னலில் நிற்கும் காரின் பின்னால் ஒரு பைக் மோதுகிறது. யாருக்கும் காயமில்லை; பம்பர் மட்டும் நசுங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கேட்டால், "முடிஞ்சு போச்சு சார்... ஐநூறு ரூபா ஜி-பே பண்ணிடறேன், விட்டுடுங்க" என்கிறார் வந்தவர். பலரும் பாவம் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். ஒர்க் ஷாப் பில்லைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி மூன்றாம் தரப்பு காப்பீடு கட்டாயம். இல்லாவிட்டால் பிரிவு 196-ன் கீழ் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் இந்தப் பணம் அரசுக்குத்தான். பம்பருக்கு ஒரு பைசா வராது.

யார் தருவார்கள்?

உங்களிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் சொந்த நிறுவனத்திடமே க்ளைம் செய்யலாம். ஆனால் தவறு உங்களுடையது இல்லை என்றாலும், 50 சதவீதம் வரை சேரும் நோ க்ளைம் போனஸ் பொதுவாகப் பறிபோகும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் அதுவும் கிடைக்காது. இடித்தவரிடம்தான் வசூலிக்க வேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு செய்யலாம். சின்ன பில்லுக்காக யார் வக்கீல் வைத்து அலைவார்கள்?

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை

* இரு வண்டிகளையும் நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுங்கள். லைசென்ஸ், ஆர்.சி.யையும் படம் பிடியுங்கள்.
* எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் உண்மையிலேயே காலாவதியா என்று பாருங்கள்.
* க்ளைம் செய்யும் எண்ணம் இருந்தால், பணம் வாங்கும் முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுங்கள். சமாதானமாகப் போய்விட்டால் க்ளைம் சிக்கலாகலாம்.
* பேசித் தீர்ப்பதென்றால் ஒர்க் ஷாப் எஸ்டிமேட் வந்த பிறகு, எழுத்தில் தீருங்கள்.
* தகராறு செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். யாருக்காவது காயம் என்றால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மாற வேண்டியது எது?

சின்ன பைக்குக்கு ஓராண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியம் அந்த 2,000 ரூபாய் அபராதத்தைவிடக் குறைவு. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குகளுக்கு 5 ஆண்டு காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. அது முடிந்ததும் புதுப்பிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்களைப் பிடிப்பது போலீஸின் வேலை. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவரின் போனஸை, இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்ததற்காகப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? முதலில் மாற்ற வேண்டியது அந்த விதியைத்தான்.