கேள்வி – பதில்: பூனைக்குக் கருத்தடை செய்தால் எலி பிடிக்காதா?

கேள்வி: நெல் மூட்டைக்குக் காவலாக ஒரு பெண் பூனை வளர்க்கிறோம். ஒன்றரை வயதுக்குள் மூன்று முறை குட்டி போட்டுவிட்டது. சென்ற ஈத்தில் இரண்டு குட்டிகள் செத்தே பிறந்தன. தாயும் எலும்பும் தோலுமாக இருக்கிறது. கருத்தடை செய்யலாம் என்கிறாள் மகள். 'செய்தால் எலி பிடிக்காது' என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, மணப்பாறை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. எலி பிடிப்பது பூனையின் வேட்டைக் குணம். கருப்பையை எடுத்தால் அது போய்விடாது. குட்டிகளுக்குப் பால் கொடுத்தே இளைக்கும் பூனையைவிட, கருத்தடை செய்த பூனை தெம்பாகக் காவல் காக்கும். சற்றுக் கூடுதலாகப் பசிக்கும். சோற்றை அளவாக வையுங்கள்.

பெண் பூனை 5, 6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினை பிடிக்கலாம். உடம்பு தேற இடைவெளியே கிடைப்பதில்லை.

'பூனை தானே குட்டி போட்டுக்கொள்ளும்' என்று நானும் ஒரு காலத்தில் இருந்தவன்தான். எங்கள் வீட்டுப் பூனை பரணில் இரவெல்லாம் முக்கியது. காலையில் டாக்டரிடம் தூக்கிப்போனபோது, குட்டி வழியில் மாட்டியிருந்தது தெரிந்தது. தாய் பிழைக்கவில்லை. பசு ஈன முடியாமல் தவித்தால் நள்ளிரவிலும் டாக்டரைத் தேடி ஓடும் நான், பூனைக்கு ஓடவில்லை.

எனவே, அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, குட்டி போட்ட பின் நாற்றமடிக்கும் கசிவு, நடுக்கம், மடி வீக்கம் தெரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

வீட்டில் ஆடு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறும். முதன்முதலாக எலி, பறவை தின்னத் தொடங்கும் குட்டிகளே பெரும்பாலும் இதைப் பரப்புகின்றன. தீவனத்தில் கலந்தால் சினை ஆடு கரு கலைக்கும். குட்டிப் பெருக்கம் குறைந்தால் இந்த அபாயமும் குறையும். தீவனத்தை மூடி வையுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: குட்டிகள் பால் மறந்ததும், தாய்க்குக் குடற்புழு நீக்கம் செய்து, நல்ல தீனி கொடுத்துத் தேற்றுங்கள். அதுவரை கடுவன் பூனை அண்டாமல் அறைக்குள் வைத்திருங்கள். பிறகு மருத்துவரிடம் நாள் கேட்டு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை என்பதால், எத்தனை மணி நேரம் முன்பு உணவை நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். வீடு திரும்பியபின் 10 முதல் 14 நாள் தையலை நக்கவிடாமல், பரணேறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளூர் மருந்தகத்தில் அறுவை வசதி இல்லாவிட்டால், நாமக்கல், ஒரத்தநாடு போன்ற ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். கருத்தடை ஊசி, மாத்திரை என்று நீங்களாக எதையும் போடாதீர்கள். அவற்றால் கருப்பையில் சீழ் பிடிக்கவும் மடியில் கட்டி வரவும் வாய்ப்புண்டு.

வீட்டில் வைத்துக்கொள்ளும் குட்டிகளுக்கும் 5 மாதத்திலேயே செய்துவிடுங்கள், கடுவனையும் விட்டுவிடாதீர்கள். மாமியாரிடம் சொல்லுங்கள்: எலிக்கு நிம்மதி கிடைக்காது, பூனைக்குக் கிடைக்கும்.