அந்த ஐந்து நிமிடத்தில் தோழரைத் தனியே விடலாமா?



சம்பளம், வீடு, காணி என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதி வருகிறோம். இம்முறை நம் மடியிலும் சட்டைப்பையிலும் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை. இது கெட்டது என்று தெரியாதவர் நம் லயங்களில் யாருமில்லை. ஆனால் விட முயன்றவர்கள் ஏன் இரண்டு கிழமைக்குள் திரும்பவும் தொடங்கிவிடுகிறார்கள்? அதில் நம் பங்கு என்ன? அதுதான் இன்றைய கேள்வி.

நமக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கவ்வாத்து வெட்டுகிறவர். இருபது வருடப் பீடிப் பழக்கம். மகள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு திங்கட்கிழமை நிறுத்தினார். முதல் மூன்று நாள் தூக்கமில்லை, தலைவலி, ரொட்டியில் உப்பு இல்லை என்று வீட்டில் சண்டை. நாலாம் நாள் பிரட்டுக்களத்தில், "என்ன அண்ணே, சாமியாராகப் போறீங்களா?" என்று சிரித்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஒரு மரண வீடு. இரவு கண்விழித்திருந்தவர்கள் முன்னால் தட்டு வந்தது. வெற்றிலை, பீடி, சிகரெட் எல்லாம் அதில் இருந்தன. "தட்டை நீட்டுனாங்க சேர், வேணாமுன்னு சொல்ல வாய் வரல்ல" என்றார் பிறகு. மறுநாள் பழையபடி ஒரு கட்டு.

அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்லிவிடலாமா? நாம் அப்படி நினைக்கவில்லை. ஒன்பது நாள் அவர் தனியாக நின்றார். நாம்தான் பக்கத்தில் இல்லை.

புகையிலையில் உள்ள நிக்கொட்டினுக்கு உடம்பு பழகிவிடுகிறது. அது கிடைக்காமல் போனால் உடம்பு கேட்கத் தொடங்கும். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசி எல்லாம் அதன் அறிகுறிகள். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று நாள்தான் மிகவும் கடினம். அதன் பிறகு மெல்லக் குறைந்து, இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் உடம்பு ஓரளவு அமைதியாகிவிடும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை ஆசை எழும்போதும் அது நாள் முழுக்க நிற்பதில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். பற்றவைக்காவிட்டாலும் தணியும். ஆகவே தாண்ட வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான், ஆனால் பல தடவை.

எப்படித் தாண்டுவது? ஆசை வரும் நேரம் நமக்கே தெரியும். காலைத் தேத்தண்ணி குடித்தவுடன், மதியம் சாப்பிட்டவுடன், மலையில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது, சம்பள நாளன்று. அந்த நேரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேத்தண்ணி குடித்ததும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து நடங்கள். போத்தலில் தண்ணீர் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடியுங்கள். இஞ்சித் துண்டோ கராம்போ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பீடிக் கட்டையும் லைட்டரையும் எறிந்துவிடுங்கள். முதல் மாதம் சாராயப் பக்கம் போகாதீர்கள். ஒரு கிளாஸ் உள்ளே போனால் கை தானாகப் பீடியைத் தேடும்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்கொட்டின் பசியை அடக்கும். வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறும் நம் ஆட்கள் பலர் பத்து மணிப் பசியைப் பீடியால் மறைத்தே பழகியவர்கள். விட்டவுடன் அந்தப் பசி தெரியும். அதை நோய் என்று பயப்பட வேண்டாம். முடிந்தால் ஒரு ரொட்டி கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு 200 ரூபாய் புகைக்குப் போகிறதென்றால் மாதம் 6,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் அது நாலு நாளுக்கும் மேலான உழைப்பு. அந்தப் பணத்தில் ரொட்டிக்கு மா வாங்கலாம்.

கொழுந்து பறிக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான். புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்கக் கஷ்டம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

இனி நம் எல்லோருடைய கடமை. முதலாவது, சங்கக் கூட்டங்களில் வைக்கும் தட்டில் பீடியும் புகையிலையும் இனி வேண்டாம். இதை நம் தோட்டக் கமிட்டிகளே தொடங்க வேண்டும். இரண்டாவது, மரண வீட்டுத் தட்டு. வந்தவரை மதிக்கும் வழக்கம் நல்லது, அது இருக்கட்டும். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தாலும் அதே மரியாதைதான். மரண உதவிச் சங்கங்கள் இதைத் தீர்மானமாக எடுத்தால் எந்தக் குடும்பமும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்றாவது, யாராவது விடுகிறேன் என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள். வேலைக் குழுவில் ஒருவர் அவருக்குத் துணையாக இருங்கள். ஆசை வந்ததும் அவர் கூப்பிடட்டும், ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள்.

நான்காவது பிள்ளைகள். "அப்பாவுக்கு ரெண்டு பீடி" என்று கடை வாசலில் நிற்கும் பிள்ளையை மறுநாள் வகுப்பில் பார்க்கிறவர்கள் நாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் சொல்வதற்கு முன் நாம் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்போம்.

உதவி வேண்டுமானால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1948. நம் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்த ஆண்டும் அதுதான். நமக்கு மறக்காது.

அந்த அண்ணன் திரும்பவும் முயற்சி செய்கிறார். ஒரு தடவை தவறியதால் ஒன்பது நாள் வீணாகிவிடவில்லை. ஒன்பது நாள் தன்னால் முடியும் என்று அவருக்கு இப்போது தெரியும். இம்முறை அவரோடு கவ்வாத்து வெட்டும் இரண்டு பேர் துணைக்கு இருக்கிறார்கள். அடுத்த மரண வீட்டில் அவருக்கு முன்னால் எந்தத் தட்டு வரும் என்பது நம் கையில் இருக்கிறது.