ஊன்றிய காலே எமனானது

குதிரையின் கால் ஒடிந்தால் அதைச் சுட்டுவிடுவார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறோம், சினிமாக்களிலும் பார்த்திருக்கிறோம். மனிதனுடைய ஒடிந்த காலைக் கட்டிச் சேர்க்கும் வைத்திய சாஸ்திரம், குதிரை விஷயத்தில் மாத்திரம் ஏன் கையை விரிக்க வேண்டும்? எலும்பு சேராதா? பல சமயங்களில் சேரத்தான் செய்கிறது. ஆனால் பெரிய ஆபத்து ஒடிந்த காலில் இல்லை. ஒடியாத காலில் இருக்கிறது! இந்த விசித்திரத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய குதிரை ஒன்று உண்டு.

அதன் பெயர் பார்பாரோ. அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில், 2006-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, ஆறரைக் குதிரை நீளம் முந்தி ஓடி அது ஜயித்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து, பால்டிமோர் நகரத்தில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில், ஓடத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அதன் வலது பின்னங்கால் இருபதுக்கும் அதிகமான துண்டுகளாக நொறுங்கியது. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் மிருக வைத்தியசாலையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்ஸன் மறுநாளே ரண சிகிச்சை செய்தார். உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்து அந்தக் காலைப் பொருத்தினார். ஜனங்கள் கடிதங்களையும் ஆப்பிள்களையும் காரட்டுகளையும் அனுப்பிய வண்ணம் இருந்தார்கள். எலும்பும் கூடி வந்தது. ஆனால் ஜூலை மாதத்தில் இடது பின்னங்காலில், அதாவது நல்ல காலில், லாமினைடிஸ் என்னும் குளம்பு நோய் கண்டது. குளம்புச் சுவரில் நூற்றுக்கு எண்பது பங்கை வெட்டி எடுக்க நேர்ந்தது. 2007 ஜனவரியில் முன்னங்கால்களையும் நோய் பற்றிக் கொண்டது. அம்மாதம் 29-ந் தேதி, அதன் வேதனைக்கு வைத்தியர்களே முடிவு தேடினார்கள்.

குளம்பை வெறும் மூடி என்றே நாம் எண்ணுகிறோம். அதற்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அந்த எலும்பு அடித்தளத்தின் மீது உட்கார்ந்திருக்கவில்லை; சுமார் 600 மெல்லிய இதழ்களால் குளம்புச் சுவரிலிருந்து தொங்குகிறது. இரண்டு புத்தகங்களின் ஏடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்தது போன்ற பிணைப்பு அது. அரை டன் கனமுள்ள சரீரத்தின் பாரம் இந்தப் பிணைப்பின் மீதுதான் விழுகிறது. குதிரை நடக்கும்போதும் கால் மாற்றி நிற்கும்போதும் இதழ்களுக்குள் ரத்தம் பாயும். ஒரே காலில் பாரம் ஓயாமல் விழுந்தாலோ, ரத்த ஓட்டம் குன்றி, இதழ்கள் நைந்து பிரியும். எலும்பு சரிந்து உள்ளங்குளம்பை நோக்கி இறங்கும். அந்த வலியை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

கால் ஒடிந்த குதிரைக்கு மட்டுமே இந்நோய் வரும் என்பதில்லை. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஜயித்த செக்ரடேரியட் 1989 அக்டோபர் 4-ந் தேதி மாண்டதற்கும் இதுவே காரணம். பெரும்பாலான குதிரைகளுக்கு இந்நோய் வரும் வழி, வாய் வழி! சர்க்கரைச் சத்து மிகுந்த பசும்புல்லையும் தானியத்தையும் தின்று, வேலையின்றிக் கொழுத்து, பிடரி தடித்து நிற்கும் குதிரையின் ரத்தத்தில் இன்ஸுலின் மிகையாகிறது. ஆரோக்கியமான மட்டக் குதிரைகளுக்கு இன்ஸுலினை நீடித்துச் செலுத்தினாலே குளம்பு நோய் கண்டுவிடுகிறது என்று 2007-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். ஆசையோடு ஊட்டிய கையே அந்தக் குதிரையை நொண்டியாக்குகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு, ஆனால் அதற்கு முதல் மருந்து பொறுமை. முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நிற்பது, திரும்பத் தயங்குவது, குளம்பு சுடுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் வைத்தியரை அழைக்க வேண்டும். குடல் நோய் போன்றவற்றால் உடம்பில் விஷம் ஏறும் என்ற அச்சம் தோன்றினால், கால்களைப் பனிக்கட்டி நீரில் இரண்டு மூன்று நாள் விடாமல் வைத்திருப்பது இதழ்களைக் காக்கிறது. கொழுப்பினால் வந்த நோய்க்குத் தானியத்தையும் மேய்ச்சலையும் நிறுத்தி, உலர்ந்த புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கழித்து, அளந்து போட வேண்டும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை குளம்பின் முனையைக் குறைத்துச் செதுக்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. ஆகவே புதுக் குளம்பு முழுதும் இறங்க ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் பிடிக்கும். நடுவில் சீழ் கட்டலாம்; மறுபடி நொண்டலாம். அப்போதெல்லாம் மனம் தளராமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் செய்தும் வேதனை தணியாவிட்டால்? "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்று நம் மனம் கெஞ்சும். அந்த ஒரு நாள் குதிரைக்காகவா, நமக்காகவா என்று கேட்டுக் கொள்வதுதான் கடினம். பார்பாரோவை எட்டு மாதம் காத்தவர்கள் கடைசியில் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார்கள். வாயில்லா ஜீவனை வளர்ப்பவர்கள், ஊட்டுவதற்குக் கற்றுக் கொள்வது போலவே மறுப்பதற்கும் கற்றுக் கொள்ள வேண்டும். காப்பதற்குக் கற்றுக் கொள்வது போலவே விடை கொடுப்பதற்கும் கற்றுக் கொள்ள வேண்டும்.