ஆண்டெல்லாம் ஆட்டம் யாருக்காக?

காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அரசனுக்கு உரைத்த அந்நெறி ஆடுகளத்தை ஆள்வோர்க்கும் பொருந்தும். மலேசியக் காற்பந்தை நடத்துவோர் அந்நெறியைப் போற்றினார்களா என்பதே இங்கு எழும் வினா.

பல்லாண்டுகளாக இந்நாட்டின் லீக் ஆட்டங்கள் ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி ஆண்டிறுதியில் நிறைவுற்றன. ஆசியக் கழகப் போட்டிகள் 2023ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய முறைக்கு மாறியதும், மலேசியாவும் அவ்வழியே சென்றது. 2024–25 பருவம் மே மாதத்தில் தொடங்கியது. அடுத்த பருவம் 2025 ஆகஸ்டு முதல் 2026 மே வரை என வகுக்கப்பட்டது. ஆண்டெல்லாம் காற்பந்து என்று இதனைப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டு ஆராயத்தக்கது.

ஆகஸ்டு முதல் மே வரை என்னும் கணக்கு எங்கே பிறந்தது? 1888ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் லீக் தொடங்கியபோது, கோடைக்காலம் கிரிக்கெட்டுக்கு உரியதாக இருந்தது. எனவே காற்பந்து குளிர்காலத்தை எடுத்துக்கொண்டது. அவர்தம் வானிலைக்கும் வழக்கத்திற்கும் அது பொருந்திற்று. கோடையும் குளிரும் இல்லாத நம் நாட்டில் பருவத்தைப் பிரிப்பது மழையன்றோ? நவம்பர், டிசம்பர் மாதங்களில் கிளந்தானும் திரங்கானுவும் பருவமழையில் தத்தளிக்கின்றன. பழைய அட்டவணை அப்பருவத்தை ஓய்வுக்கு ஒட்டி வைத்திருந்தது. புதியதோ அதனைப் பருவத்தின் நடுவிலேயே வைக்கிறது. 2026இல் இதே முறைக்கு மாறத் தீர்மானித்த சப்பான், பனிக்காலத்திற்கென நீண்ட இடைவேளையையும் சேர்த்தே திட்டமிட்டது. பின்பற்றுவதிலும் அறிவு வேண்டும்.

ஆசியப் போட்டிகளோடு இணங்கிச் செல்வது நன்றுதானே என வினவலாம். அதில் நியாயமுண்டு. பருவத்தின் நடுவில் ஆட்டக்காரர் மாறுவதால் நேரும் குழப்பம் அதனால் குறையும். ஆயின், ஆசிய அரங்கில் ஆடுபவை ஓரிரு குழுக்களே. 2014 முதல் 2024–25 வரை ஒவ்வொரு பருவத்திலும் ஜொகூர் குழுவே சூப்பர் லீக்கை வென்றது. ஓங்கி நிற்கும் ஒரு மரத்திற்கேற்ப நீர் பாய்ச்சினால் ஏனைய நாற்றுகள் என்னாகும்?

நாற்றுகளின் நிலையோ கவலைக்குரியது. இந்தியர் காற்பந்து அமைப்புகளின் வழி உருவாகிச் சூப்பர் லீக் வரை உயர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு, 2022ஆம் ஆண்டோடு விலகிற்று. 2025–26 பருவத்திற்குக் கெடாவுக்கு உரிமம் கிட்டவில்லை, பேராக் விலகிக்கொண்டது. அப்பருவத்தில் எஞ்சிய குழுக்கள் பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் லீக் ஆட்டங்கள் 24. அவற்றுள் சொந்தத் திடலில் 12. கிண்ணப் போட்டிகள் சில கூடும். இருபது குழுக்கள் 38 ஆட்டங்கள் ஆடும் இங்கிலாந்தின் அட்டவணையை, பதின்மூன்று குழுக்களின் மீது விரித்துப் போர்த்துவது பொருந்துமா? பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு நாள் நுழைவுச்சீட்டு வருவாய் தாங்குமா? நீண்டது நாட்காட்டியே, ஆட்டம் நீளவில்லை.

இவற்றினும் பெரிது பள்ளி மாணவர் படும் இழப்பு. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. பள்ளி சனவரிக்குத் திரும்ப, லீக் ஆகஸ்டுக்கு நகர்ந்துவிட்டது. செபராங் ஜெயாவில் ஐந்தாம் படிவம் முடித்து, எஸ்.பி.எம். தேர்வெழுதி, காலணியைக் கையிலேந்தி வெளிவரும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். முன்பு அவன் வெளிவரும் வேளையில்தான் குழுக்கள் புதிய பருவத்திற்கு ஆள் தேடின. இன்றோ, பாதிப் பருவம் கடந்திருக்கும், இடங்கள் நிறைந்திருக்கும். அடுத்த தேர்வுக்கு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும். அருகிலேயே பிறைத் தொழிற்பேட்டையின் வாயில்கள் திறந்திருக்கின்றன. வீட்டுக் கடனும் தாயின் தளர்ச்சியும் அவனை அங்கே அழைக்கும். உழைப்பு இழிவன்று, ஆயின் அவன் கால்களில் இருந்த கலை யார் கணக்கிலும் சேராமல் அழிகிறது.

மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனையும், சிலந்தி மனிதர் எனப் போற்றப்பட்ட காவலர் ஆறுமுகத்தையும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்கு ஈட்டித் தந்த பயிற்றுநர் இராஜகோபாலையும் பெருமையோடு பேசும் சமுதாயம், அடுத்தவர் எவ்வழியே வருவார் என்று கேட்க வேண்டாமா? தோட்டத்துத் திடல்கள் மறைந்த பிறகு, பள்ளித் திடலே எஞ்சிய வாயில். அவ்வாயிலையும் நாட்காட்டி அடைத்தல் தகுமோ?

பழைய முறைக்கே திரும்புதல் இயலாதெனில், செய்யத்தக்கவை மூன்று. பருவமழை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் லீக் ஓய வேண்டும். சனவரியில் ஒவ்வொரு குழுவும் பள்ளி முடித்தோர்க்குத் தேர்வு நடத்தி, சில இடங்களை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும். பெரியவர் ஓய்ந்திருக்கும் வாரங்களில் அவ்விளைஞர்க்கு ஆட்டங்கள் அமைய வேண்டும். 1974இல் மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய பினாங்கு, இதில் வழிகாட்டினால் தகும்.

ஆசிரியர்க்கும் கடமையுண்டு. திறனுள்ள மாணவனின் பெயரைப் பரிசளிப்பு விழாவில் வாசிப்பதோடு நில்லாமல், தேர்வு முடியுமுன்னரே அதனைக் குழுக்களுக்கு எழுதி அனுப்புதல் வேண்டும். உழவன் மழையறிந்து விதைப்பான். மாணவர் பள்ளி முடிக்கும் மாதத்தைக்கூட அறியாமல் வகுத்த அட்டவணை, ஆண்டு முழுவதும் நீண்டாலும் அறுவடை காணாது.