நோட்டுல லாபம்... நிஜத்துல?

ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரர் மொபைலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பச்சையும் சிவப்புமா ஏதோ ஓடிக்கிட்டு இருக்கும். கேட்டா, 'ஷேர் மார்க்கெட்டுடா மச்சி'ன்னு பதில் வரும். உங்களுக்கும் கை பரபரக்குதா? தப்பே இல்லை. ஆனா, செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்டுல இருந்து வந்த பணம் அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி, 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டது. 2021-22ல இருந்து மூணு நிதியாண்டுல ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல இறங்கின தனிநபர்கள்ல 100க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல! இதுல 30 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களோட பங்கு, ஒரே வருஷத்துல 31 சதவிகிதத்துல இருந்து 43 சதவிகிதமா ஏறியிருக்கு. அதாவது, நம்ம செட்டு!

அதனாலதான் பெரியவங்க 'முதல்ல டெமோவுல பழகு'ன்னு சொல்றாங்க. நல்ல யோசனை. ஆனா, எங்கே பழகுறதுன்னு பார்க்கணும். ஷேர் விலையை வச்சு 'விர்ச்சுவல் டிரேடிங்' நடத்துற அனுமதியில்லாத ஆப்கள் பத்தி 2024 நவம்பர்ல செபியே எச்சரிச்சிருக்கு. அங்கே ஏமாந்தா செபிகிட்ட போய் நிக்க முடியாது. வெளிநாட்டு ஃபாரெக்ஸ் ஆப்கள் தர்ற டெமோ இன்னும் மோசம். இலவசமா பல்லாயிரம் டாலர் காட்டி ஆசையைக் கிளப்பும். அப்படி அனுமதியில்லாத தளங்களோட பட்டியலை ரிசர்வ் வங்கி தன்னோட இணையதளத்துலயே போட்டிருக்கு. ஒரு தடவை பார்த்துடுங்க.

சரி, வேற வழி? ஒரு நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதான் பாஸ்!

* கையில 5,000 ரூபாய்தான் இருக்கா? நோட்டுலயும் 5,000 மட்டும் வச்சு ஆரம்பிங்க. கற்பனையில பத்து லட்சம் வச்சு விளையாடினா எதுவும் கத்துக்க முடியாது.

* வாங்குறதுக்கு முன்னாடியே எழுதுங்க: என்ன விலை, ஏன் வாங்குறேன், எவ்வளவு இறங்கினா வித்துட்டு வெளியே வருவேன். அடிச்சுத் திருத்தக் கூடாது.

* செலவைக் கழிங்க. 200 ரூபாய் ஷேர் 100 வாங்கி, அன்னிக்கே 201க்கு வித்தா லாபம் 100 ரூபாய்னு துள்ளுவீங்க. ஆர்டருக்கு 20 ரூபாய்னா தரகு 40, அதுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 7, பங்குப் பரிவர்த்தனை வரி 5... கிட்டத்தட்ட பாதி காலி!

* மூணு மாசமாவது எழுதுங்க. சந்தை ஏறும்போது எல்லாரும் புத்திசாலிதான். இறங்கும்போது நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியணும்.

இவ்வளவு பண்ணியும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்கிறதும் நிஜம். நோட்டுல நினைச்ச விலைக்கு நினைச்ச நிமிஷமே வித்துடலாம். நிஜத்துல வாங்குறதுக்கு ஆள் வேணும். விலை சரியும்போது நீங்க கேட்ட விலை கிடைக்காது. இன்னொண்ணு, பயம். 2024 ஜூன் 3-ம் தேதி, கருத்துக்கணிப்பைப் பார்த்து சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறுச்சு. மறுநாள் ஓட்டு எண்ணும்போது சுமார் 4,390 புள்ளி விழுந்துச்சு. நோட்டுல வாங்கினவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்திருக்கும். கடன் வாங்கிப் போட்டவங்களுக்கு?

அதனால, நோட்டுல ஜெயிச்ச உடனே 'நாம கில்லாடி'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அது பணம் போடுறதுக்கு அனுமதிச்சீட்டு இல்லை. உங்க அவசரம், பேராசை, பிடிவாதம் எல்லாத்தையும் செலவில்லாம காட்டுற கண்ணாடி. மூணு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, போனா போகட்டும்னு விடக்கூடிய சொந்தப் பணத்துல ஒண்ணு ரெண்டு ஷேர் வாங்குங்க. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க. ஃபீஸ் பணம், நண்பன்கிட்ட வாங்கின கைமாத்து... இதெல்லாம் தொடவே கூடாது.

சாயங்காலம் டீக்கடைக்குப் போறப்போ, பக்கத்துக் கடையில ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க. காலையில 9.15க்கு சந்தை திறக்கும். கிளாஸைக் கட் அடிக்க வேண்டாம்... 3.30க்கு மூடின பிறகு விலையைக் குறிச்சாப் போதும்!