துடிப்பு ஒன்று, சொல் பலவோ?

கணிப்பொறியின் உள்ளியக்கத்தைத் தமிழில் சொல்ல ஒல்லாது என்பார் இன்றும் உளர். ஒல்லாமை மொழியினதா, அவர்தம் சோம்பலினதா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறிக.

கணிப்பொறிச் சில்லுகள் பலவற்றினுள்ளும் ஒரு துடிப்பு மரம் உண்டு. அதன் வேரில் பெரும்பாலும் பளிங்கு அலைவி ஒன்று துடிக்கும். நொடிக்கு 2 கோடியே 40 இலக்கம் முறை துடிப்பது பல சில்லுகளில் வழக்கம். அத்துடிப்பை உயர்த்துவது பெருக்கி, குறைப்பது வகுப்பி, பலவற்றுள் ஒன்றைத் தேர்வது தெரிவி, தடுப்பதும் விடுப்பதும் வாயில். வேண்டாத வாயிலை அடைத்தால் மின்கலம் நீடித்து உழைக்கும். ஆனால், ஒரு கிளையில் இரு கருவிகள் தொங்குங்கால், ஒன்றன் பொருட்டு வாயிலை அடைப்பின் மற்றது மடியும். எனவே, பயன்கொள்வோரை எண்ணிக் கடைசியாள் நீங்கிய பின்னரே அடைத்தல் வேண்டும்.

1991இல் பின்லாந்தில் இலினசு தொர்வால்டுசு தொடங்கிய இலினக்சுக் கருவகத்தில், இவ்வொழுங்கை ஆர்ம் சில்லுக் குடும்பத்தார் தத்தமக்கெனத் தனித்தனியே எழுதிவந்தனர். அழைக்கும் பெயர் ஒன்றே, உள்ளமைப்போ ஆளுக்கொன்று! விளைவு என்ன? ஒரு சில்லுக்கென ஆக்கிய கருவகம் மற்றதில் ஓடவில்லை. ஒரே பணியைப் பலர் திரும்பத் திரும்பச் செய்து குவித்த குப்பையை 2011இல் தொர்வால்டுசு வெளிப்படையாகவே கடிந்தார். 2012ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 3.4ஆம் பதிப்பில் பொதுத் துடிப்புச் சட்டகம் இடம்பெற்றது.

அச்சட்டகம் எவர் தனித்தன்மையையும் அழிக்கவில்லை. மரத்தை ஆள்வதும் எண்ணிக்கை காப்பதும் பொதுவின் பணி. தன் வாயிலை எவ்வாறு திறப்பது என்பது அவ்வச் சில்லின் உரிமை. பெருக்கி நிலைபெறச் சிறிது காலம் வேண்டும். வாயிலோ நொடிப்பொழுதில் திறக்கவேண்டும். ஆகவே, காத்திருக்கத்தக்க 'அணியப்படுத்தல்' வேறு, காத்திருக்கவியலா 'திறத்தல்' வேறு எனப் பிரித்தனர். வேற்றுமையை மதித்த ஒற்றுமை அது!

இத்துணையும் தமிழிலேயே சொல்லப்பட்டதன்றோ? எச்சொல் கிடைக்காமற் போயிற்று? எங்கே நடை இடறிற்று? ஒல்லாது என்போர் விடை கூறட்டும்!

எனினும், பிறரைச் சாடுவதோடு தமிழர் கடமை முடிந்துவிடாது. கணிப்பொறி என்பார் ஒருசாரார். கணினி என்பார் மற்றொருசாரார். ஈழத்தார் பலர் கணனி என எழுதுவர். ஒரு பொருளுக்கே இத்தனை பெயரெனில், கற்கும் இளைஞன் எதனைப் பற்றுவான்? சலித்து ஆங்கிலத்தின் காலில் விழுவான்! ஆர்ம் சில்லுகள் சிதறிக் கிடந்த பழைய நிலையன்றோ இது? சொல்லாக்குவோர்க்கு ஆர்வம் உண்டு, அறிவும் உண்டு, பொதுச்சட்டகந்தான் இல்லை.

ஊர்தோறும் வழக்கு வாழட்டும். கலைச்சொல் மட்டும் ஒன்றாகட்டும். போட்டியிட்டு வாளா கலைந்து போன உழைப்பு போதும். உயிரற்ற சில்லுகளே ஒரு மரத்தின் கிளைகளாய்த் துடிக்கக் கற்றன. ஒரு தாய்மொழியின் மக்கள் கற்கமாட்டாரோ?